அளந்து கொடுத்த காற்று

அத்தையின் மூச்சுச் சத்தம் முதன்முதலாக ஒரு கதவுக்குப் பின்னாலிருந்துதான் என் காதில் விழுந்தது. அத்தை என்று நான் சொல்வது என் மனைவியைப் பெற்றவரை. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தும் அவர் என் எதிரே வந்து உட்கார்ந்ததில்லை. மருமகன் வந்திருக்கிறான் என்றால் சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "வாங்க மாப்பிள்ளை, ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா?" என்று கேட்பார். காபியை யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அன்றைக்கு அவர் வீட்டில் வேறு யாரும் இல்லை. கதவிடுக்கில் ஒரு கை மட்டும் நீண்டு, டம்ளரை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு மறைந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஊதும் சத்தம் கேட்டது. அடுப்பு மூட்டுகிறார் போலிருக்கிறது, ஈர விறகு பிடிக்காமல் ஊதாங்குழலால் ஊதுகிறார் என்று நினைத்துக்கொண்டு காபியைக் குடித்தேன். குடித்து முடித்த பிறகும் புகை வரவில்லை. ஊதுவது மட்டும் நிற்கவே இல்லை.

"அத்தை, ஒடம்புக்கு என்னங்க?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை. படியேறி வந்தனுங்களா, அதான். வயசாவுதில்லீங்க?"

அந்த வீட்டுக்கு மொத்தம் இரண்டே படிகள். அதை நான் வெளியே வந்து, செருப்பு மாட்டும்போதுதான் கவனித்தேன். திரும்பிப் போய்க் கேட்கவில்லை. மாமியாரிடம் மருமகன் அவ்வளவு நோண்டிக் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை.

நாகலூருக்குப் பக்கத்தில் ஒரு காபி எஸ்டேட்டில் நான் ரைட்டராக இருக்கிறேன். காலையில் ஆட்களுக்குப் பேர் எடுப்பது, எந்தச் சரிவுக்கு யாரை அனுப்புவது என்று பிரித்துவிடுவது, பறித்த பழத்தை எடை போட்டு எழுதுவது என்று முப்பது வருடமாக இதே வேலை. மேட்டில் ஏறும் மனிதர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பவன் நான். காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்தவளை நடையை வைத்தே சொல்லிவிடுவேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அப்படிப்பட்டவன் கண்ணில், சொந்த மாமியார் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது ஒரு வருடத்துக்கு மேல் படவில்லை. எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் சவுக்கு மரத்தடிகளில் அவர் நின்று நின்று வருவார். மிளகுக் கொடியைத் தடவிப் பார்ப்பார், எதிரே வருபவளிடம் குழந்தை குட்டிகளை விசாரிப்பார். எல்லோரிடமும் பாசமாகப் பேசுகிற மனுஷி என்றுதான் நானும் நினைத்தேன். அவரோ அத்தனை பேரிடமும் ஒரு மூச்சு கடன் கேட்பதுபோல நின்றுகொண்டிருந்தார்.

அவருடைய தாத்தா காலத்தில் சேலத்துக்குக் கீழே எங்கோ இருந்து மலையேறி வந்த குடும்பம். எஸ்டேட் குடியிருப்பில் பிறந்து, பதினைந்து வயதில் காபிக் கூடையைத் தோளில் மாட்டியவர். மாமனார் சீக்கிரமே போய்விட்டதால், வேலைக்குப் போவதோடு விடிகாலையில் இட்லி வேகவைத்து நாகலூர் பஸ் நிற்கும் இடத்துக் கடைக்குக் கொடுத்துவந்தார். ஜன்னல் இல்லாத சமையலறை. கவாத்து செய்து போட்ட காபிக் கிளைகளும், மழையில் நனைந்த சவுக்குச் சிம்புகளும்தான் விறகு. மழைக்காலத்தில் அந்த அறைக்குள் நுழைந்தால் எதிரே நிற்பவரின் முகம் தெரியாது என்று என் மனைவி சொல்வாள். அவளே அந்தப் புகையில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடப் பாடம் படித்திருக்கிறாள்.

ஒருநாள் எங்கள் வீட்டு வாசலிலேயே அத்தை உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. என் மனைவி அன்றே அவரைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். நெஞ்சு டாக்டர் முதலில் கேட்டது, "பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டாம்மா?" என்பதுதான். அத்தைக்கு வந்த கோபம் பஸ் மலையேறி வீடு வந்து சேரும்வரை அடங்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "என்னையப் பாத்து பீடி குடிப்பியான்னு கேக்கறாரு, கண்ணு. எம்பட மூஞ்சியப் பாத்தா அப்படியா தெரியுது?" என்று மகளிடம் ஒவ்வொரு வளைவிலும் கேட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் பிறகு அடுப்பைப் பற்றி விசாரித்ததும், குழாயில் ஊதச் சொன்னதும், விறகுப் புகை குடித்த நுரையீரலும் பீடிப் புகை குடித்த நுரையீரலும் கடைசியில் ஒரே மாதிரிதான் ஆகின்றன என்று பொறுமையாகச் சொன்னதும் அவர் காதில் ஏறவில்லை. உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் குழாய்கள் சுருங்கிவிட்டன, போன காற்று முழுதாக வெளியே வருவதில்லை, அதனால் புதுக் காற்றுக்கு இடமில்லை என்றார் டாக்டர். என் மனைவியையும் அந்தக் குழாயில் ஊதச் சொன்னார். அவள் ஊதி முடித்து, அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு "உங்களுக்குப் பிரச்சனை இல்லைங்க" என்று சொல்லும்வரை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உறிஞ்சுகிற மருந்திலேயே இரண்டு வருடம் ஓடியது. அதன் பிறகு அதுவும் போதவில்லை. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மிசினை வாடகைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அத்தை தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னதை நான் மறக்கவே முடியாது. மிசினின் முகப்பில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், அதற்குள் ஒரு சிறிய பந்து மிதக்கும், அந்தப் பந்து இரண்டு என்ற கோட்டில் நிற்க வேண்டும். "ரெண்டுக்கு மேல வேண்டாங்க. விரல்ல மாட்டிப் பாக்கறப்ப தொண்ணூறு வந்தாப் போதும். நமக்கு மாதிரி தொண்ணூத்தெட்டு வரணும்னு ஆசப்படாதீங்க." நான் எழுத்து வேலை பார்க்கிறவன். ஓர் அட்டையில் 'இரண்டு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி மிசினுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். ஏன் இரண்டு என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

மிசின் ஓயாமல் இரையும். அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே இருந்தால் தூக்கம் வராது என்று அதை நடையில் வைத்து, நீளமான குழாயைக் கதவின் அடிவழியாக முன்னறைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தோம். மூக்கில் அந்தக் குழாயை மாட்டிய நாளிலிருந்து அத்தைக்கு மறைந்து நிற்கக் கதவு இல்லாமல் போயிற்று. முன்னறை வழியாகத்தான் நான் வீட்டுக்குள் வரவேண்டும், போக வேண்டும். என் காலடி கேட்டதும் எழுந்து உட்கார்ந்து முந்தானையைத் தலைக்கு இழுப்பார். அந்தச் சின்ன வேலைக்கே மூச்சு வாங்கும். "படுத்துக்கங்க அத்தை" என்று சொல்லிவிட்டு நான் வேகமாகக் கடந்துபோவேன். என்னால் அவருக்கு மூச்சு வாங்குகிறது என்பதே எனக்குப் பெரிய சங்கடமாக இருந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் பயம். மூச்சு முட்டும்போது அத்தை இரண்டு கைகளையும் தொடைமேல் ஊன்றி முன்னால் குனிவார். தோள்கள் காதுவரை ஏறும். கழுத்துக் குழி உள்வாங்கும். கண்கள் அகலமாகத் திறந்து எங்களைப் பார்க்கும், ஆனால் நாங்கள் யாரென்று அவற்றுக்குத் தெரியாது. அடங்கிய பிறகு ஒருமுறை மகளிடம் சொன்னார்: "கெணத்துக்குள்ள முங்கிட்டு மேல வாரப்ப, மேல தண்ணி தீரவே மாட்டேங்குது, கண்ணு." மிசின் வந்த பிறகு அந்தப் பயம் மிசினின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. கரண்ட் போனால் அது கத்தும். எங்கள் மலையில் காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே ஏதாவது ஒரு கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போகும். அந்தக் கத்தலைக் கேட்டதும் அத்தைக்கு, குழாயில் காற்று நிற்பதற்கு முன்பே மூச்சு நின்றுவிடும். "இது நின்னா நானும் நின்னுருவனா?" என்று என் மனைவியிடம் கேட்டார். இல்லை அம்மா, துணைக்குச் சிலிண்டர் இருக்கிறது என்று அவள் காட்டினாள். எஸ்டேட்டில் இருக்கும்போதெல்லாம் சவுக்கு மரங்களின் உச்சி அசைகிறதா என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாயிற்று. அசைந்தால் உடனே வீட்டுக்குப் போன் செய்வேன்.

அது ஐப்பசி மழை. மூன்று நாளாக விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சேலத்தில் கல்லூரி விடுதியில் இருந்த எங்கள் மகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்ததால், என் மனைவி காலை முதல் பஸ்ஸில் இறங்கிப் போனாள். துணைச் சிலிண்டரை முந்தின வாரம்தான் நிரப்பக் கொடுத்திருந்தோம். வரும்போது அதையும் எடுத்துவருவதாகச் சொன்னாள். "அம்மாவப் பாத்துக்கங்க. ஒண்ணும் ஆவாது, சாயந்திரம் வந்துருவேன்" என்றாள். நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன்.

பதினொரு மணி இருக்கும். அத்தை குளியலறைக்குப் போய்விட்டுக் குழாயைக் கையில் பிடித்தபடி சுவரோரமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். நடையின் நடுவில் வரும்போது கரண்ட் போயிற்று. மிசின் கத்தியது. நான் முன்னறையிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் சுவரில் சாய்ந்து சரிந்துகொண்டிருந்தார். பகலென்றாலும் பனிமூட்டம் ஜன்னல்வரை வந்து நின்றதால் வீட்டுக்குள் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. அவரை இரண்டு கைகளாலும் தூக்கினேன். அத்தனை வருடத்தில் முதன்முறையாக அவரைத் தொட்டது அப்போதுதான். காய்ந்த சுள்ளிக் கட்டைப் போல எடையே இல்லை. அந்த நிலையிலும் அவர் கை முந்தானையைத் தேடியது.

கட்டிலில் உட்காரவைத்து ஜன்னலைத் திறந்தேன். இரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவியை விரலில் மாட்டினேன். எண்பத்து நான்கு. எண்பத்து ஒன்று. எழுபத்தெட்டு. போனில் மனைவியைக் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டேன், மணி அடித்து அடித்து நின்றது. அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை... மாப்பிள்ளை..." என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. ஒருமுறை மட்டும், "உட்றாதீங்க" என்றார். விடமாட்டேன் என்று சொன்னேன். எதை விடாமல் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவருடைய முதுகெலும்பு என் உள்ளங்கைக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் எழும்பி விழுந்துகொண்டிருந்தது. அடுத்தது எழும்பவில்லையென்றால் என்ன செய்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. இருபது நிமிடம் அப்படிப் போயிற்று.

கரண்ட் வந்தது. மிசின் இரைந்தது. எண்பது, எண்பத்து ஒன்று என்று எண் நகர்ந்தது. அங்கேயே நின்றது. அத்தையின் கண்கள் இன்னும் அகலமாகவே இருந்தன. நான் எழுந்து நடைக்குப் போனேன். கண்ணாடிக் குழாய்க்குள் பந்து இரண்டில் நின்றது. அதற்கு மேலே என் கையெழுத்து இருந்தது. அதைப் படித்துக்கொண்டேதான் திருகைத் திருப்பினேன். பந்து மூன்றுக்கு ஏறியது, நான்குக்கு ஏறியது, ஐந்தில் போய் முட்டி நின்றது.

திரும்பி வந்தபோது எண் ஏறத் தொடங்கியிருந்தது. எண்பத்தெட்டு. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றேழு. தோள்கள் இறங்கின. சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. அத்தை தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் அப்படிச் சாய்வதைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு சுலபத்தில் தீருகிற கஷ்டத்தை இத்தனை நாள் ஏன் இரண்டு என்று கட்டிப்போட்டு வைத்தார்கள் என்று டாக்டர்மேல் கோபம்கூட வந்தது. நான் காபி போட்டுக் குடித்தேன். சாயங்காலம் மனைவி வந்ததும் சொல்லவேண்டும் என்று வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்கு அத்தை கண் திறந்தார். முகம் சிவந்திருந்தது, நெற்றி வியர்த்திருந்தது. "தல வலிக்குது, கண்ணு" என்றார். என்னை அவர் மாப்பிள்ளை என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி அழைத்ததில்லை. கண்ணு என்றதும் எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. நெற்றியைத் துடைத்துவிட்டேன். தண்ணீர் டம்ளரை வாங்க நீட்டிய அவர் கை, மணிக்கட்டிலிருந்து படபடவென்று ஒடிந்து ஒடிந்து விழுந்தது. டம்ளர் உருண்டது. "அடுப்பு அணைஞ்சிருச்சா பாரு" என்றார். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மறுபடி தூங்கிப்போனார். அசதி என்று நினைத்தேன். கால்மணி நேரம் கழித்துச் சாப்பிட எழுப்பினேன். எழவில்லை. தோளைத் தொட்டு எழுப்பினேன். உலுக்கினேன். "அத்தை! அத்தை!" என்று கத்தினேன். குறட்டை மாதிரி ஒரு சத்தம், பிறகு நீண்ட மௌனம், பிறகு இன்னொரு சத்தம். விரலில் எண் இன்னும் தொண்ணூற்றேழுதான் காட்டியது.

எழுபத்தெட்டைப் பார்த்தபோது வந்த பயம் ஒன்றுமே இல்லை. தொண்ணூற்றேழைப் பார்த்தபோது வந்ததுதான் பயம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அந்த எண் சொல்லிக்கொண்டிருக்க, கண்முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் சுவரில் இருந்த அட்டை நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்த் திருகை இரண்டுக்கே திருப்பினேன். அதன் பிறகுதான் நூற்றெட்டுக்குப் போன் செய்தேன். முதலில் திருகு, பிறகு போன். அவருடைய உயிருக்காகத் திருப்பினேனா, வருகிறவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று திருப்பினேனா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆம்புலன்ஸில் வந்த பெண் முதல் கேள்வியாக அதையே கேட்டாள். "ஆக்ஸிஜன் எத்தனைல வெச்சிருந்தீங்க சார்?"

"ரெண்டுங்க."

"காலைல இருந்தே ரெண்டுதானுங்களா?"

"ஆமாங்க. எப்பவும் ரெண்டுதானுங்க."

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. இறங்க இறங்க எண் குறையும். மழையில் வண்டி ஊர்ந்தது. அந்தப் பெண் அத்தையின் தோளைத் தட்டி, "பாட்டி, கண்ணத் தொறங்க, மூச்சு இழுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லும்போது ஒரு மூச்சு வரும். பலகைகளைப் பார்த்தபடி, உண்மையைச் சொல்லிவிடு, அடுத்த வளைவில் சொல்லிவிடு என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்று என்ற பலகையும் பின்னால் போயிற்று.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். காற்றை அழுத்தத்தோடு உள்ளே தள்ளுகிற இறுக்கமான முகமூடியை மாட்டினார்கள். என் மனைவி விடுதியிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டாள். டாக்டர் எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "இவங்க ஒடம்பு கொறஞ்ச ஆக்ஸிஜனுக்கே பழகிப்போச்சுங்க. இவங்களுக்கு அதிகமாக் குடுத்தா, வெளிய போக வேண்டிய கெட்ட காத்து உள்ளேயே தங்கிரும். தூக்கம் மாதிரி வரும், அப்படியே மயக்கமாயிரும். வீட்ல யாராவது கூட்டி வெச்சீங்களா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "தெரியலீங்க" என்றேன்.

அடுத்த இரண்டு நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எழுதவே கூசுகிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அத்தை பிழைக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். வேண்டிக்கொள்ளும்போதே, கண் விழித்தால் என்ன சொல்வாரோ என்ற நினைப்பு வந்து வேண்டுதலைப் பாதியில் வெட்டும். மாமியார் உயிரைப் போக்கப் பார்த்தவன் என்று ஊர் பேசும். வேண்டுமென்றே செய்தான் என்றுகூடச் சொல்வார்கள். என் மனைவி சொல்வாளா? அவள் முகத்தில் அதைத் தேடிக்கொண்டே இருந்தேன். உள்ளே அத்தைக்கு முகமூடி இருந்தது. எனக்கு எதுவும் இல்லை. வராந்தாவில் நின்ற இடத்திலேயே மூச்சை முழுதாக இழுக்க முடியாமல் தவித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் தெளிந்துவிட்டார். எங்களை உள்ளே விட்டார்கள். டாக்டர் முகமூடியைக் கழற்றிவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். "பாட்டி, அந்த மிசின யாரு கூட்டி வெச்சது?"

அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தானுங்க" என்றார்.

"நீங்களா? யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லலீங்க. மூச்சு முட்டுச்சுங்க. நானாத்தான் திருகிட்டேன். அறியாமப் பண்ணிட்டனுங்க."

டாக்டர் அவரைப் பிடித்துத் திட்டினார். சின்னப் பிள்ளை மாதிரி இப்படிச் செய்யலாமா, செத்துப்போயிருப்பீர்கள், உங்கள் பெண்ணையும் மருமகனையும் எவ்வளவு அலைக்கழித்துவிட்டீர்கள் என்று. பீடி குடிப்பியா என்று கேட்டதற்கு மலையேறும்வரை கோபித்துக்கொண்டிருந்தவர், அத்தனையையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். "இனிமே தொட மாட்டனுங்க" என்றார். நான் அங்கேயே நின்றிருந்தேன். வாயைத் திறக்க எனக்கு அப்போது ஒரு நொடி போதும். திறக்கவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று மிசினைப் போட என் மனைவி நடைக்குப் போனாள். "இரு கண்ணு, மாப்பிள்ளை போடட்டும்" என்றார் அத்தை கட்டிலிலிருந்து. நான் போனேன். திருகைத் தொட்டதும் பந்து இரண்டைத் தாண்டி மேலும் கீழும் துள்ளியது. அது அசையாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு தினமும் நான்தான் போட்டேன். போட்டுவிட்டு வந்து "ரெண்டுல இருக்குதுங்க அத்தை" என்று சொல்வேன். "செரிங்க" என்பார். அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் பேசவே இல்லை. ஆனால் நான் வரும்போது எழுந்து உட்காருவதை விட்டுவிட்டார். முந்தானையைத் தேடுவதையும் விட்டுவிட்டார். கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால், எந்தச் சரிவில் பழம் பழுத்திருக்கிறது, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரிப்பார். இருபது வருடத்துக்கு மேல் பேசாததையெல்லாம் அந்த ஒரு வருடத்தில் பேசிவிட்டோம் என்று நினைக்கிறேன்.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டார். சாமி இருப்பது குகைக்குள்; குனிந்து அதற்குள் நுழைவது முடியாத காரியம். எஸ்டேட் ஜீப்பில் சின்னச் சிலிண்டரோடு ஏற்றிக்கொண்டு போய், கூட்டத்துக்கு வெளியே நிறுத்தினோம். ஜீப்பிலிருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். தெரிந்த பெண் ஒருத்தி பாசத்தில், எரிகிற கற்பூரத் தட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான் பாய்ந்து போய்த் தட்டைத் தட்டிவிட்டேன். ஆக்ஸிஜனுக்குப் பக்கத்தில் நெருப்பு வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை மட்டும், "உடுங்க, சாமி ஒண்ணும் நெனச்சுக்காது" என்றார்.

மார்கழிக் குளிரில் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. இந்த முறை எண்ணும் பந்தும் எல்லாம் சரியாகவே இருந்தன. சேலம் கொண்டுபோனோம். நாலாம் நாள் பிற்பகல், மகளின் கையைப் பிடித்தபடியே அடங்கினார். கடைசிவரை கண்களில் அந்த அகலம் வரவில்லை. அதை ஓர் ஆறுதலாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

காரியம் எல்லாம் முடிந்து, மிசினை எடுத்துப்போக ஆள் வருவதாகச் சொன்ன அன்று, என் மனைவி அந்த நீளக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லிவிட்டேன். கரண்ட் போனது, எழுபத்தெட்டு, ஐந்து, பொய், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் குழாயைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியுமுங்க" என்றாள்.

"அத்தை சொன்னாங்களா?"

"அம்மா எங்க சொல்லுச்சு? மிசினு இருந்தது நடையில. கட்டில்ல இருந்து எந்திரிச்சு அங்க போயி குனிஞ்சு திருகறதுக்கு அம்மாவுக்கு ஏதுங்க மூச்சு? அன்னிக்கு டாக்டர்கிட்ட நாந்தான்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

அவள் சுருளைக் கட்டி மிசினின் மேல் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டிருந்தா நீங்க மறுபடி அந்த மிசினத் தொட்டிருப்பீங்களா? நான் கடைகண்ணிக்குப் போவணும், புள்ளயப் பாக்கப் போவணும். அம்மாகூட யாருங்க இருப்பா?"

தொட்டிருக்கமாட்டேன்.